நட்டது நான்கு, நின்றது இரண்டு

மச்சான் பொங்கலூரில் வீடு கட்டுகிறார். கூரை போட்டாகிவிட்டது, பூச்சு வேலை நடக்கிறது. சுவருக்கு என்ன வண்ணம் என்றே இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் வாசலில் என்ன மரம் வைப்பது என்று அங்கே இரண்டு கட்சியாகிவிட்டார்கள். போன ஞாயிறு போனில் கேட்டார்: "மாப்பிள்ளை, உங்கள் வீட்டில்தான் இரண்டும் இருக்கிறதே. பழ மரம் தேவலையா, பூ மரம் தேவலையா?"

போனில் சொல்லித் தீருகிற கதையாக இருந்தால் சொல்லியிருப்பேன். எட்டு ஆண்டில் நான்கு மரம் நட்டு, இரண்டை வேரோடு எடுத்து, சுற்றுச்சுவரில் ஒரு விரிசலும் வாங்கி வைத்திருக்கிறேன். தறிக் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் நட்ட தேதி, செலவு, உயரம் எல்லாம் குறித்து வைத்திருப்பதால் நினைவை மட்டும் நம்பி எழுத வேண்டியதில்லை.

முதலில் இடம். பல்லடத்துக்குத் தெற்கே, மாடியேறினால் கேத்தனூர்ப் பக்கத்துக் காற்றாலைகள் தெரிகிற தூரம். பன்னிரண்டு சென்ட் மனை, கிழக்குப் பார்த்த வாசல், வடபுறம் எட்டுத் தறி ஓடும் கொட்டகை, மேற்கே பொடக்காலி என்று நாங்கள் சொல்லும் வீட்டுப் பின்புறம். இதில் மேற்கைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டருகே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குக் கதவில்லாத வாசல் ஒன்று இருக்கிறது. வைகாசிக் கடைசியில் அந்த வழியாகப் புறப்படும் காற்று, ஆவணி வரை எங்கள் பொடக்காலிச் சுவரில் வந்து முட்டும். காற்றாலைக்காரர்களுக்கு அது அறுவடைக் காலம். மரம் வைப்பவனுக்கு அது வேறு கணக்கு. வீடு கட்டி முடித்த 2017இல் அந்தக் கணக்கை நான் போடவில்லை. ஊரில் எல்லோரும் செய்வதையே செய்தேன்: பூ மரம் வாசலுக்கு, பழ மரம் பொடக்காலிக்கு.

2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. தென்னை வைத்திருந்தவர்கள் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிய காலம் அது. அடுத்த ஐப்பசியில் மண் நனைந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்று இரண்டு குழிக்கு ஆள் விட்டேன். வாசல் பக்கம் இரண்டேகால் அடி வரை செம்மண் சிரமமில்லாமல் வந்தது. பொடக்காலியின் தென்மேற்கு மூலையில் ஒன்றரை அடியிலேயே கடப்பாரை 'ணங்' என்றது. சுக்கான் கல். வெள்ளையும் சாம்பலுமாக, பழைய வீட்டின் சுண்ணாம்புக் காரையைப் போல இறுகிக் கிடக்கும் படுகை. ஓங்கிப் போட்டால் கல் உடையாது, தூள் மட்டும் பறந்து வந்து கண்ணில் விழும்.

குழி வெட்ட வந்த பெரியவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இன்றைக்குத் தண்ணீர் ஊற்றி ஊறப் போடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். இரண்டு குழியிலும் பத்துப் பத்துக் குடம் ஊற்றினோம். காலையில் வாசல் குழி காய்ந்து கிடந்தது. பொடக்காலிக் குழியில் தண்ணீர் ஊற்றியது ஊற்றியபடியே நின்றது, புதிதாகக் குடிவந்த ஒரு தவளையோடு.

மச்சான், இந்தச் சோதனையை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும். இரவு ஊற்றிய தண்ணீர் காலையில் நின்றால், அந்தக் குழி மரத்துக்கு வைத்த தொட்டி. மழைக்காலத்தில் வேர் அழுகும், கோடையில் வேர் இறங்க வழி இருக்காது. அதிலும் சப்போட்டாவுக்கு அடியில் கெட்டிப் படுகையும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆகாது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு மேலே ஒரு சாண் கல்லை மட்டும் பெயர்த்துவிட்டு, கூலி ஏறுகிறதே என்று நட்டுவிட்டேன்.

வாசலில் வைத்தது குல்மோகர். எங்கள் பக்கம் மயில்கொன்றை என்பார்கள்; அதே பெயரில் குட்டையான வேலிச்செடி ஒன்றும் இருப்பதால் குல்மோகர் என்றே எழுதுகிறேன். கன்று 40 ரூபாய். பொடக்காலியில் வைத்தது சப்போட்டா ஒட்டுக்கன்று, 150 ரூபாய். பூ மரம் என் மகள் கேட்டது, பழ மரம் என் மாமியார் கேட்டது. ஆறு வயதுக்காரியின் விருப்பம் வாசலிலும் அறுபது வயதுக்காரரின் விருப்பம் மூலையிலும் போய் உட்கார்ந்ததில் யாருக்கும் அன்றைக்குத் தவறு தெரியவில்லை.

குல்மோகருக்கு நான் செய்தது எதுவுமில்லை. முதல் கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர், அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டில் என் தலைக்கு மேல் போயிற்று, மூன்றாம் ஆண்டில் மாடிக் கைப்பிடிச் சுவரைத் தொட்டது. மடகாஸ்கரிலிருந்து வந்த மரத்துக்கு எங்கள் செம்மண் சொந்த ஊராகிவிட்டது. போகிற வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதன் இலையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு சிற்றிலையும் சீரகம் அளவுக்கு இருக்கும். உதிரும்போது ஆயிரக்கணக்கில் உதிரும். சீமாறு அதைத் தள்ளாது, தடவும். மாடியில் விழுந்தவை முதல் மழையில் மிதந்து போய், மழைநீர் சேகரிப்புக் குழாயின் வாயில் களியைப் போல அடைத்துக்கொள்ளும். அந்தச் சேகரிப்பு 2003இலிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதால் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆனால் மரம் வைக்கும்போது அந்தக் குழாயை யார் நினைக்கிறார்கள்? மழைக்கு முன் ஏணி போட்டு ஏறி வழிப்பது ஆண்டுதோறும் என் வேலையாயிற்று. வலைத்துண்டு ஒன்றை வாயில் கட்டிப் பார்த்தேன். வலையையே மூடிவிட்டது.

சப்போட்டா கதை வேறு மாதிரி போயிற்று. நட்ட முதல் கோடையில் நுனி காய்ந்தது. போனது என்று நினைத்திருந்தபோது, ஆடி வாக்கில் அடியிலிருந்து பச்சையாக ஒரு தளிர் கிளம்பியது. எங்களுக்குச் சந்தோஷம். மரம் பிழைத்துக்கொண்டது என்று கால் கூடை எரு கூடுதலாகப் போட்டேன். அது நன்றாகவே வளர்ந்தது. பொடக்காலி மூலைக்கு யாரும் அதிகம் போவதில்லை. துணி காயப்போடும் கம்பி வரைதான் ஆள் நடமாட்டம். மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்து, 'இருக்கிறது' என்று திரும்பிவிடுவேன்.

2020 ஊரடங்கில் தறி நின்றது. தறிச்சத்தம் இல்லாத வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் நாள் முழுவதும் சுற்றிச்சுற்றி வந்தேன். மாமனாரும் மாமியாரும் அப்போது எங்களோடுதான் இருந்தார்கள். ஒருநாள் மாலை மாமனார் அந்த மூலையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து என் முன் நீட்டினார்.

"இது சப்போட்டா என்று யார் சொன்னது?"

"ஒட்டுக்கன்று என்று சொல்லித்தான் கொடுத்தார்கள் மாமா."

"நுனியைப் பாருங்கள்."

பார்த்தேன். இலையின் நுனி கூராக முடியவில்லை. நகத்தால் கிள்ளியதைப் போல நடுவில் சின்னதாக ஒரு பள்ளம். எல்லா இலையும் அப்படித்தான் இருந்தது. சப்போட்டா இலை இப்படி இருக்காது, நுனி குவிந்து முடியும். அது பாலா மரம். சப்போட்டா ஒட்டுக்கட்டும்போது வேருக்காக அடியில் வைக்கும் செடி அதுதான். வறட்சி தாங்கும், நீண்ட நாள் நிற்கும், அதனால்தான் வைக்கிறார்கள். மேலே ஒட்டிய சப்போட்டா முதல் கோடையிலேயே செத்துவிட்டது. நாங்கள் இரண்டு ஆண்டு எரு போட்டு வளர்த்தது அடிச்செடியை. பாலாவும் பழம் கொடுக்கும். கோலிக்குண்டை விடச் சின்னதாக, மஞ்சளாக, பிசுபிசுவென்று இனிக்கும். சிறு வயதில் தின்றதாக மாமனார் சொன்னார். ஆனால் அதற்காகப் பன்னிரண்டு சென்ட்டில் ஒரு மூலையைக் கொடுக்க முடியாது.

குற்றம் கன்று விற்றவருடையது என்று கொஞ்ச நாள் திட்டிக்கொண்டிருந்தேன். நியாயமாகப் பார்த்தால் அவர் கொடுத்தது சரியான ஒட்டுதான். தண்டில் ஒட்டுக்கட்டிய தழும்பு இருந்தது. அதற்குக் கீழே முளைப்பதையெல்லாம் விரலால் தள்ளிவிட வேண்டும் என்பது தெரியாதவன் நான். தெரிந்திருந்தாலும் தினமும் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு யார் போய்ப் பார்ப்பது?

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் தலைகீழாகப் புரண்டது. பழ மரம் என்பது கறவை மாட்டைப் போல; கட்டுத்தரை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மாமியாரும் இதையே சொன்னார், அவர் பாணியில்: "மாட்டைக் கொண்டுபோய் மேட்டுக்காட்டில் கட்டிவிட்டுப் பால் இல்லை என்றால் எப்படி?"

அந்த ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் இரண்டாவது சப்போட்டா. இம்முறை இடத்தை மாமியார் காட்டினார். தென்கிழக்கில், சமையற்கட்டு வாசலிலிருந்து பன்னிரண்டு அடி, பாத்திரம் துலக்கும் கல்லிலிருந்து எட்டடி. மேற்குக் காற்றை வீடே தடுக்கும். குழி மூன்றடி என்று நிறுத்தவில்லை. இரண்டடியில் சுக்கான் கல் வந்ததும், கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கும் உடைக்கும் இயந்திரத்தை அரைநாள் வாடகைக்கு எடுத்துப் படுகையை ஊடுருவ உடைத்தோம். ஒரு முழம் கனம் இருந்தது, அதற்குக் கீழே மறுபடியும் சரளை மண். இரவு தண்ணீர் ஊற்றினோம். காலையில் குழி காலி. அன்றைக்குத்தான் நிம்மதியாகக் காபி குடித்தேன்.

நிரப்பிய விதம்: அடியில் தேங்காய் உரிமட்டை இரண்டு அடுக்கு, குழிந்த பக்கம் மேலே பார்க்க. தண்ணீரைக் கிண்ணத்தைப் போலப் பிடித்துவைக்கும். அதன் மேல், வெட்டும்போது முதலில் வந்த மேல்மண். பிறகு மக்கிய ஆட்டுப்புழுக்கை இரண்டு கூடை, வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ, மீதிச் செம்மண், கொஞ்சம் மணல். சுக்கான் கல்லில் ஒரு துண்டு கூட உள்ளே போகவில்லை. எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி வெளியேற்றினேன். மிதித்து, தண்ணீர் விட்டு, ஒரு வாரம் அப்படியே விட்டேன். மண் ஒரு சாண் இறங்கியது. இறங்கிய பிறகுதான் நட்டேன். இல்லாவிட்டால் கன்றும் சேர்ந்து இறங்கி, ஒட்டுத் தழும்பு மண்ணுக்குள் போய்விடும். தழும்பு மண்ணுக்கு மேல் ஒரு சாணாவது நிற்க வேண்டும்.

ரகம் பி.கே.எம். 1, பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்டது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ. 1, கோ. 2 ரகங்களும் இருக்கின்றன. எனக்குக் கிடைத்தது இது. 180 ரூபாய்.

முட்டுக்குச்சியை மேற்குப் பக்கம் நட்டேன். காற்று கன்றைக் குச்சியை விட்டு விலக்கித் தள்ளும், குச்சியில் கொண்டுபோய் மோதாது. கட்டுவதற்குத் திருப்பூர்ப் பனியன் கழிவுத் துணி. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கிடக்கும் சாமான். இழுத்தால் நீளும், தண்டை அறுக்காது. கயிற்றில் கட்டிய முதல் கன்றின் தண்டில் வளையமாக ஒரு வடு விழுந்திருந்ததைப் பிடுங்கும்போது பார்த்தேன். துணியை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டினால் கன்று கொஞ்சம் ஆடும். ஆடினால்தான் அடித்தண்டு பருக்கும்.

கோடைக்கு ஒரு பானை. பொங்கலுக்கு வாங்கிய பழைய மண்பானையின் அடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, அதில் பனியன் துணியைத் திரியாக விட்டு, கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் புதைத்தேன். மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். முதல் இரண்டு கோடையை அந்தப் பானைதான் கடத்திவிட்டது. ஒட்டுக்குக் கீழே தளிர் எட்டிப் பார்த்ததும் என் மனைவி பாத்திரம் துலக்கிய கையோடு விரலால் தள்ளிவிடுவாள். நோட்டில் கணக்கு இருக்கிறது: முதல் ஆண்டில் பதினொரு முறை. மூலையில் இருந்திருந்தால் பதினொன்றில் ஒன்றாவது மரமாகியிருக்கும்.

2021 சித்திரைக் கடைசியில் குல்மோகர் முதன்முறையாகப் பூத்தது. இலை முழுவதும் கொட்டி எலும்பாக நின்ற மரத்தில் இருபது நாளில் தீப்பிடித்ததைப் போலப் பூ. அதை மறைக்க மாட்டேன். அந்த மூன்று வாரம் எங்கள் தெருவிலேயே அழகான வீடு எங்களுடையது. மகள் பள்ளி இல்லாத நாட்களில் பூவின் மொட்டைப் பிரித்து நகம் ஒட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஆடியில் ஒரு கிளை முறிந்தது. அம்மியையே பறக்கவைக்கும் என்று பேர் வாங்கிய காற்றுக்குக் குல்மோகர் கிளை எம்மாத்திரம்? வீட்டின் உயரத்தைத் தாண்டாத வரை அது தப்பித்திருந்தது. தாண்டிய ஆண்டே மாட்டிக்கொண்டது. விரைந்து வளரும் கட்டை லேசான கட்டை. என் தொடை கனமுள்ள கிளை, முறிந்த இடத்தில் ரொட்டியைப் பிய்த்ததைப் போல இருந்தது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பியை இழுத்துக்கொண்டு வாசலில் விழுந்தது. நல்லவேளையாக யாரும் இல்லை. ஒரு நாள் தறி நிற்க, கம்பி மாற்றும் செலவு தனி.

கிளையை அப்புறப்படுத்தும்போதுதான் சுற்றுச்சுவரைப் பார்த்தேன். அடியிலிருந்து மேலே, சுண்டுவிரல் நுழையும் அகலத்தில் விரிசல். மரத்துக்கும் சுவருக்கும் நான் விட்டிருந்த தூரம் ஐந்தடி. கன்றாக இருந்தபோது அது பெரிய தூரமாகத் தெரிந்தது.

2022 பங்குனியில், இலை கொட்டிய சமயம் பார்த்து எடுத்தோம். கிளை கிளையாகக் கயிறு கட்டி இறக்க ஒரு நாள், அடிக்கட்டைக்கு ஒரு நாள். எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். 40 ரூபாய்க் கன்றுக்கு. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு தோண்டிப் போனேன். மண்ணுக்கு ஒரு சாண் கீழே, தண்ணீர்க் குழாய் பதித்ததைப் போல நேராக, சுவரின் அடித்தளத்தை ஒட்டியே பதினெட்டடி போய், அங்கிருந்து கழிவுநீர் உறிஞ்சு குழியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சுக்கான் கல்லை ஊடுருவ வழியில்லாமல் வேர் எல்லாம் பக்கவாட்டில் ஓடியிருக்கிறது. மரத்தின் மேல் பழி போட எனக்கு மனமில்லை. பள்ளி மைதானத்திலோ குளக்கரையிலோ நின்றிருந்தால் அது ராஜா. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பூ மரம் இல்லாமல் தீராது என்று தெரிந்துவிட்டது. இம்முறை சரக்கொன்றை. ஈசன் தலையில் சூடுகிற பூ என்பதால் மாமியாருக்குச் சம்மதம். மஞ்சள் என்பதால் மகளுக்கு அரை மனது. கன்று வாங்காமல் விதையிலிருந்து வளர்க்கலாம் என்று ஒரு ஆசை. கோயில் மதிலோரம் உதிர்ந்து கிடந்த இரண்டு காய்களைப் பொறுக்கி வந்தோம். ஒன்றரை அடி நீளம், கறுப்பாக, போலீஸ்காரர் தடியைப் போல. உடைத்தால் உள்ளே காசு அடுக்கியதைப் போல அறை அறையாகத் தடுப்பு. ஒவ்வொரு அறையிலும் ஒரு விதை, சுற்றிலும் தார் போலக் கறுத்த சதை. அந்தச் சதைதான் நாட்டு மருந்தில் பேதியாவதற்குக் கொடுப்பது. மணம் அவ்வளவு சுகமில்லை.

இருபது விதை போட்டேன். நாற்பது நாள் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கோவை பேரூர்க் கோயிலில் பிறவாப் புளி என்று ஒரு மரம் உண்டு, அதன் விதை எங்கே போட்டாலும் முளைக்காது என்பார்கள். எங்கள் வீட்டில் பிறவாக் கொன்றை என்று மாமனார் கேலி செய்தார். தொட்டியைக் கிளறிப் பார்த்தால் இருபதும் போட்டபடியே பளபளப்பாகக் கிடந்தன. தோல் அவ்வளவு கெட்டி. காட்டில் மாடோ குரங்கோ தின்று, வயிற்றுப் புளிப்பில் ஊறி வெளியே வந்தால்தான் இளகும் தோல்.

தறிக்கொட்டகையில் உப்புத்தாள் இருந்தது. விதையின் ஒரு முனையில் முளைக்கண் இருக்கும். அதைத் தொடாமல் எதிர்ப்பக்கத்தை மட்டும் பழுப்புத் தோல் போய் உள்ளே வெளிறியது தெரிகிறவரை தேய்த்தேன். ஒரு விதைக்கு இரண்டு நிமிடம். ஓர் இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் இருமடங்காக ஊதியிருந்தன. ஊதாதவற்றை மறுபடி தேய்த்தேன். இருபதில் பதின்மூன்று முளைத்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை ஊருக்குக் கொடுத்தேன். மச்சானுக்கு அப்போது மனை மட்டும்தான் இருந்தது, கேட்கவில்லை.

கொன்றையை நட்டது பொடக்காலித் தென்மேற்கு மூலையில், பாலா நின்ற பழைய குழிக்குப் பக்கத்தில். சுவரிலிருந்து பதின்மூன்றடி, அளந்து வைத்தேன். 2022 ஐப்பசி. உடைக்கும் இயந்திரம் இந்த முறையும் வந்தது.

"பொடக்காலியில் போய்ப் பூ மரம் வைத்தால் யார் பார்ப்பது? தெருவுக்குத் தெரியவே தெரியாதே" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார்.

"நான் பார்ப்பேன்" என்றாள் என் மனைவி. பாத்திரம் துலக்கும் கல்லில் உட்கார்ந்தால் வீட்டின் தென்பக்கச் சந்து வழியாக அந்த மூலை நேராகத் தெரிகிறது. பூ மரத்தைக் கிட்டத்தில் வைத்தால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். நாற்பதடி தள்ளி நின்றால்தான் முழு மரமும் கண்ணுக்குள் வரும்.

இனி இப்போதைய நிலவரம்.

சப்போட்டாவில் முதல் இரண்டு ஆண்டு வந்த பூவைக் கிள்ளி எறிந்தோம். மரம் உடம்பு தேறட்டும் என்று. 2024இல் முதல் பறிப்பு. அளவைப் பார்த்து ஒன்பது காய் பறித்து அரிசி டிரம்மில் போட்டேன். ஒரு வாரத்தில் ஒன்பதும் தோல் சுருங்கி, உள்ளே பால் ஒட்டி, வாயில் வைத்தால் உதடு பிசின் போட்டதைப் போல ஒட்டிக்கொண்டது. சப்போட்டா பழுத்தாலும் நிறம் மாறாது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். மாமியார் வந்து காட்டிக்கொடுத்தார். காயின் மேல் தவிடு படிந்ததைப் போல ஒரு சொரசொரப்பு இருக்கும். முற்றும்போது அது தானாக உதிர்ந்து வழவழப்பாகும். அதன் பிறகு கட்டைவிரல் நகத்தால் மெதுவாக ஒரு கீறல். உள்ளே பச்சைக் கோடு தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். மஞ்சளாகத் தெரிந்தால் பறிக்கலாம். பறித்ததும் காம்பிலிருந்து பால் சொட்டுவது குறைந்திருக்க வேண்டும். கழுவி, துடைத்து, வைக்கோலில் வைத்தால் நான்கைந்து நாளில் பழுக்கும். அந்த ஆண்டு 34 பழம் தின்றோம். இந்த ஆண்டு இதுவரை நூற்றைத் தாண்டிவிட்டது. வௌவால் தின்றதைச் சேர்க்கவில்லை.

வௌவாலுக்கு வலை கட்டச் சொன்னார்கள். ஒருநாள் இரவு கட்டினேன். காலையில் ஒன்று சிறகு சிக்கித் தொங்கியது. அதை எடுத்துவிட அரை மணி நேரம், விரலில் ஒரு கடியும் ஊசியும். வலையை அன்றே கழற்றிவிட்டேன். இப்போது பனியன் துணியில் தைத்த பைகள். கைக்கு எட்டுகிற கிளைகளில் முற்றிய காய்க்கு மட்டும் போடுகிறோம். எட்டாதது வௌவாலுக்கும் அணிலுக்கும்.

காசுக் கணக்கு கேட்பீர்கள் மச்சான். பழ மரம் வைத்தால் பழச்செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இதுவரை நாங்கள் தின்ற சப்போட்டாவை உழவர் சந்தையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். கன்று, குழி, இயந்திர வாடகை, எரு என்று நோட்டில் 4,300 ரூபாய் நிற்கிறது. தினமும் பத்து நிமிடம் அதற்குப் போகிறது. அந்தப் பத்து நிமிடம் உங்கள் வீட்டில் யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு பேரும் காலை எட்டுக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்புகிறவர்கள் என்றால், பழம் மரத்திலேயே அழுகி, ஈ மொய்த்து, வாசலில் நடக்க முடியாமல் போகும்.

கொன்றைக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு கோடை வாரம் ஒரு தண்ணீர், முட்டுக்குச்சி, அவ்வளவுதான். இந்த ஆண்டு அதன் மூன்றாவது ஆடிக்காற்று. சுவரைத் தாண்டியதால் முகத்தில் நேராக வாங்கியது. இலை கிழிந்ததே தவிரக் கிளை முறியவில்லை. இப்போது ஒன்பதடி. இன்னும் பூக்கவில்லை, விதையிலிருந்து வந்த கொன்றை பூக்க இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம். போன புரட்டாசியில் ஒரு வாரம் மரம் மொட்டையாகிவிட்டது. வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து முட்டையிட்டுப் போகிறது. அதன் பச்சைப் புழு இலை நரம்பை மட்டும் மிச்சம் வைத்துத் தின்கிறது. மருந்து அடிக்கச் சொன்னார்கள், அடிக்கவில்லை. மூன்று வாரத்தில் செம்பு நிறத்தில் புதுத்தளிர் வந்துவிட்டது. அதற்கு முன்பே பொடக்காலி முழுவதும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி. பூக்காத மரத்தில் பூ பறக்கிறது என்று மகள் மாடியிலிருந்து கத்தினாள். குல்மோகர் கோபம் அன்றைக்குத்தான் முழுதாகத் தீர்ந்தது.

ஒரு குறை இருக்கிறது. காய்க்க ஆரம்பித்தால் அந்தத் தடிகள் எல்லாம் கீழே விழும். உங்கள் திட்டத்தில் வடமேற்கில் கார் நிறுத்தும் இடம் என்று பார்த்தேன். அங்கே கொன்றை வேண்டாம். சப்போட்டா எப்போதும் பச்சையாக நிற்கும், இலையும் பெரிது, கூட்டினால் வரும். உங்கள் சமையற்கட்டு வாசலுக்குப் பக்கத்தில் பதினைந்தடி இடம் இருக்கிறது, அது போதும். தெருவோரம் எது வைத்தாலும் சுவரிலிருந்து பன்னிரண்டடி விடுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் மரத்தை விட்டுவிட்டுச் செம்பருத்தி வையுங்கள். குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் நாளில் சொல்லுங்கள், நானும் வருகிறேன். உடைக்கும் இயந்திரக்காரர் எண் என்னிடம் இருக்கிறது.

சுவர் விரிசலை இன்னும் பூசவில்லை. தறியில் ஒரு நட்டு இளகுகிறதா என்று சந்தேகம் வந்தால், நட்டின் மேலும் சட்டத்தின் மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவைப்போம். இளகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். அதே போல விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, விரிசலின் அகலத்தையும் பக்கத்திலேயே எழுதிவைத்தேன். மரம் எடுப்பதற்கு முந்தைய எட்டு மாதத்தில் நடுக்கோட்டில் அகலம் இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது. எடுத்த பிறகு மூன்று மழைக்காலம் போய்விட்டது. நேற்று அடிக்கோலை வைத்துப் பார்த்தேன், எழுதிவைத்த அளவுதான். இந்தத் தையில் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.